பெட்டியில் ஏறாத பெருமை

ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட் நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தால் உங்கள் கதவுக் கைப்பிடியில் முறை வைத்து ஒரு பலகை தொங்கும். தொங்கினால் அந்த வாரம் மாடிப்படி, வாசல், நடைபாதை எல்லாம் கூட்டுவது உங்கள் பொறுப்பு. கேர்வோஹே என்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட சாமி காரியம். டிசம்பர் கடைசி வாரம் அந்தப் பலகை என் கதவில் தொங்கியது. யாரோ கணக்குப் பார்த்துத்தான் மாட்டினார்கள் என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

புத்தாண்டுக் காலையில் விளக்குமாறோடு கீழே இறங்கினேன். நடைபாதை முழுக்க வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம். ராத்திரி பெய்த ஈரத்தில் ஊறிக் கல்லோடு ஒட்டிக்கொண்டு, கூட்டினால் வராமல் அடம் பிடித்தது. ராக்கெட் விட்ட காலி பாட்டில்கள் வரிசையாக நின்றன. கரிந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் குனிந்து எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். சீனாவில் தயாரானது.

நான் சிவகாசிக்காரன். ஊரில் தீபாவளிக்கு மறுநாள் வாசலைக் கூட்டவே விட மாட்டோம். யார் வீட்டு முன்னால் காகிதம் அதிகம் என்று பார்க்க வேண்டாமா? "இன்னிக்கு ஒரு நாள் கிடக்கட்டும்டா" என்பார் அம்மா. எதிர் வீட்டைவிட நம் வாசலில் குறைவாக இருந்தால் பக்கத்துச் சந்திலிருந்து அள்ளி வந்து கொட்டிய பயல்களையும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, சீனப் பட்டாசுக் குப்பையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், மைனஸ் இரண்டு டிகிரியில்.

கீழ்த்தளத்துப் பாட்டியம்மா ஜன்னலைத் திறந்து வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்தார். நான் அட்டையை வைத்து ஆராய்ச்சி செய்வதைக் கண்டு என்ன விஷயம் என்று கேட்டார். இந்தியாவில் வெடிக்கிற பட்டாசில் பத்துக்கு ஒன்பது எங்கள் ஊர்ப் பக்கத்தில் செய்தது என்றேன். அவர் அசரவில்லை. "நான் சோலிங்கன்காரி" என்றார். சோலிங்கன் என்றால் கத்தி, கத்தரிக்கோல். உலகமெங்கும் சமையலறையில் அந்த ஊர்ப் பெயர் பொறித்த கத்தி உண்டு. "விமானத்தில் கையில் கொண்டுபோக முடியாது, ஆனால் பெட்டியில் போடலாம்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். எதை நினைத்து அதைச் சொன்னாரோ, எனக்குச் சுருக்கென்றது. என் நெடுநாள் குறையே அதுதான்.

எங்கள் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தூருக்குச் சேவு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா. கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய், அதற்கு 2020இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். விருதுநகருக்கு எண்ணெய் புரோட்டா. கொஞ்சம் தள்ளிப் போனால் திருநெல்வேலி அல்வா. சுற்றிலும் அத்தனை ஊரும் வாய்க்கு ருசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் எங்களுக்கு மட்டும் கந்தகத்தை விட்டுவிட்டார்கள். விடுமுறை முடிந்து திரும்பும்போது தமிழர்கள் எல்லோரும் ஊர்ப் பெருமையைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் மேசை நிறைய அது பரப்பி வைக்கப்படுகிறது. மணப்பாறைக்காரர் முறுக்கை உடைத்து உடைத்து ஜெர்மன்காரர்களுக்குக் கொடுக்கிறார். திருநெல்வேலிக்காரர் அல்வாவில் கையே வைக்கவிடாமல் தாமிரபரணித் தண்ணீர் பற்றி முதலில் ஒரு உரை நிகழ்த்துகிறார். அப்புறம் என்னைப் பார்த்து, "சிவகாசியில் இருந்து என்ன கொண்டு வந்தீங்க?" என்று ஒருவர் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். வருஷா வருஷம் அதே கேள்வி, அதே சிரிப்பு.

என்ன கொண்டு வருவது? பட்டாசைப் பற்றிப் பேச்சே இல்லை. தீப்பெட்டி? நம் ஊர் விமான நிலையத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பாதுகாப்புச் சோதனையில் ஒரு வெள்ளைத் துணியால் பையைத் தேய்த்து இயந்திரத்தில் வைத்து வெடிமருந்துத் தூள் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்போது ஒவ்வொரு முறையும் எனக்கு வேர்க்கும். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் வேறு கொட்டை எழுத்தில் நிற்கிறது.

இவ்வளவுக்கும் எங்கள் ஊரின் பெருமை ஆற்றுத் தண்ணீரில் தானாக ஊறி வந்ததில்லை. வானம் பார்த்த பூமி. மழை வந்தால் பருத்தி, கம்பு, வராவிட்டால் ஒன்றுமில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இருவர் ரயிலேறிக் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். எந்த வெயில் வெள்ளாமையைக் கெடுத்ததோ அதே வெயில் குச்சியையும் மருந்தையும் நன்றாகக் காயவைத்தது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு வந்தது, மத்தாப்பிலிருந்து வெடி வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதற்கு அச்சகம் வந்தது. அணிலும் மயிலும் சேவலும் அச்சடித்த கையோடு நாட்டுக்கே காலண்டரும் டைரியும் அடித்துக் கொடுத்தார்கள். குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னார் என்பார்கள். எங்கள் பள்ளியில் கட்டுரைப் போட்டி எதுவானாலும் அந்த வரி இல்லாமல் பரிசு கிடையாது.

எங்கள் பக்கத்தில் யாரும் ஆலை, தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக்குப் பயர் ஆபீஸ், அச்சாபீஸ். ஊரில் எல்லோருமே ஆபீசில்தான் வேலை பார்த்தார்கள். அப்பா அச்சாபீசில் மிஷின்மேன். அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினார். மடியில் ஒரு பலகை, பக்கத்தில் பசைக் கிண்ணம், கண் டிவியில், கை தன்போக்கில். சாயங்காலம் பயர் ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். அலுமினியப் பவுடர் வேலை பார்த்த அக்காக்கள் இறங்குவார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளி, காதோரம் வெள்ளி, தலையில் வைத்த பூவிலும் வெள்ளி. தெருக்குழாயில் எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். அந்தக் கை கொடுத்த அதிரசத்தை வாங்கித் தின்றிருக்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஒருநாள் ஆர்வத்தோடு இணையத்தில் என் ஊரைத் தேடினார். எனக்குக் காட்டலாம் என்று திரையைத் திருப்பியவர் சட்டென்று திருப்பிக்கொண்டார். வந்திருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். குழந்தைத் தொழிலாளர், வெடிவிபத்து. மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, ஊர்ப் பெயரைத் தேடினால் அல்வா வந்து நிற்கும். நான் அவரிடம் பள்ளிக்கூடங்கள் பெருகியதையும் நிலைமை மாறியதையும் சொன்னேன். விபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி எங்கள் ஊருக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி பயர் ஆபீசில் 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு என்பதை காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எப்படிச் சொல்வது?

சிவகாசிக்காரர்கள் பட்டாசுச் சத்தத்துக்குப் பயப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். ராத்திரிச் சத்தத்துக்கு இல்லை. பகல் பதினொரு மணிக்கு ஒரே ஒரு சத்தம், அதுவும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால், தெருவே மொட்டை மாடிக்கு ஏறிவிடும். எந்தத் திசையில் புகை? சாத்தூர் ரோடா, வெம்பக்கோட்டைப் பக்கமா? அப்புறம் யார் வீட்டில் யார் எந்த ஆபீஸ் என்ற கணக்கு. போன் அடித்து, எடுக்கும் வரைக்கும் அம்மா பேச மாட்டார். டிசம்பர் 30ஆம் தேதி மத்தியானம் இங்கே ஒரு பையன் குப்பைத்தொட்டிக்குள் எதையோ கொளுத்திப் போட்டுவிட்டு ஓடினான். நான் பால்கனிக் கதவைத் திறந்து வெளியே நின்று வடக்கும் தெற்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தேடுகிறாய் என்று மனைவி கேட்டாள். அவள் கும்பகோணம், அவளுக்குப் புரியாது.

இந்த நாட்டில் பெரிய வெடிகளை ஆண்டின் கடைசி மூன்று நாள்தான் விற்கலாம், நடுவில் ஞாயிறு வந்தால் ஒரு நாள் முன்னால். வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவரை சரி. ஆனால் விற்கிற இடத்தைப் பார்த்தால்தான் எனக்கு மயக்கம் வருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்குக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில் குவித்து வைத்திருக்கிறார்கள். ஊரில் ஒரு பட்டாசுக் கடைக்கு லைசென்ஸ் வாங்க எத்தனை நடை, மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் கடைக்கு இத்தனை மீட்டர் தூரம். இங்கே ஒரு கையில் முட்டை, ஒரு கையில் ராக்கெட். 2020, 2021இல் கொரோனாவால் விற்பனைக்குத் தடை போட்டபோது இங்குள்ளவர்கள் புலம்பியதைக் கேட்டிருக்கிறேன். 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடி வேண்டாம், பச்சை நிறம் தரும் பேரியம் வேண்டாம், தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்று சொல்லி, தமிழ்நாடு அரசு அதைக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று பிரித்தபோது எங்கள் ஊரில் அது புலம்பலாக இல்லை. பள்ளிக் கட்டணம் கட்டுவதா வேண்டாமா என்ற பேச்சாக இருந்தது. தில்லிக்காரர்கள் மூச்சு விட வேண்டும், அதுவும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் என் சித்தப்பா வீடு இருக்கிறது.

டிசம்பர் 31 நள்ளிரவில் இங்கே ஊரே வானத்தைப் பார்த்து நின்றபோது ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே விடிகாலை நாலரை. அம்மா கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நின்றார். போனை வானத்துக்குத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கலர் பரவாயில்ல. சத்தம் கம்மி. பச்சை சரியா விழல" என்றார். அப்பா பின்னால் இருந்து, "அட்டையில பிரிண்டிங் எப்படி?" என்று கேட்டார். ஆறு வண்ணம் இருக்கும், பளபளப்புப் பூச்சு போட்டிருக்கிறார்கள் என்றேன். சீனாக்காரன் மிஷின் நல்ல மிஷின் என்று பெருமூச்சு விட்டார்.

எனக்கு இந்த ஊர் நன்றாகப் பழகிவிட்டது, அதைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிப் பாட்டிலை நிறம் பிரித்துப் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை துளை போடும் மிஷினைத் தொடுவதில்லை, உருளைக்கிழங்கு சாலடுக்குக்கூட நாக்கு இணங்கிவிட்டது. ஆடிப்பெருக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் நிலைகொள்ளாது. அன்றைக்குத்தான் எங்கள் அச்சாபீஸ்களில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அப்பா ஆல்பத்தைப் புரட்டி இந்த வருஷம் எந்த முருகன் ஓடும், எந்த லட்சுமி ஓடாது என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். புது மையின் வாசனை சட்டையை விட்டு இரண்டு நாளைக்குப் போகாது.

அந்தக் காலண்டர்தான் கடைசியில் கைகொடுத்தது. எந்தச் சோதனையிலும் மாட்டாத சிவகாசிச் சரக்கு அது ஒன்றுதான் என்று ஏன் இத்தனை நாள் தோன்றவில்லையோ. போன முறை ஒரு கட்டு தினசரிக் காலண்டர் கொண்டு வந்து பொங்கல் மேசையில் அல்வாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினைந்து நிமிஷத்தில் காலி. அல்வா மிச்சம் இருந்தது, இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சோலிங்கன் பாட்டிக்கும் ஒன்று கொடுத்தேன். தினம் ஒரு தாள் கிழிக்கிறார், கிழித்ததைக் காகிதத் தொட்டியில் போடுகிறார்.

இப்போது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. ஆனால் டிசம்பரில் இங்கே சூரியனே எட்டேகாலுக்குத்தான் வருகிறது. உதிக்காத பகலுக்கு ராகு ஏது என்று ஒரு கட்சி. பகலை எட்டாகப் பங்கு போட்டுப் பார்த்தவர் ஒருவர், குளிர்காலத்தில் ராகுவுக்கு ஒரு மணி நேரம்தான் வேலை, ஜூன் மாதம் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் என்று அட்டவணையே போட்டுவிட்டார். அம்மாவிடம் கேட்டேன். எங்கே இருந்தாலும் ஏழரைக்கு மேல் ஒன்பது வரை புது வேலை தொடங்கக் கூடாது என்று முடித்துவிட்டார். திங்கட்கிழமை எட்டு மணி மீட்டிங்கை ஒன்பதேகாலுக்குத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்டார்கள், ரயில் தாமதம் என்றேன். ஜெர்மனியில் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.