யார் செய்தது?

வவுனியாவில் கல்லூரிக்கு வந்த பிறகு எழுத்துப் பயிற்சி என்று ஒரு பாடம் வாய்த்தது. இலக்கணத்தை மறுபடி கரைத்துப் புகட்டப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மிஸ் புத்தகமே கொண்டு வரவில்லை. எங்கள் ஒப்படைகளைத் திருப்பித் தந்து, "முதல் பந்தியை வெட்டிப்போட்டு வாசியுங்கோ" என்றார்.

வெட்டினோம். அநேகமாக ஒருவருடைய கட்டுரைக்கும் ஒரு குறையும் வரவில்லை! "இன்றைய நவீன உலகிலே" என்று தொடங்கி, ஒரு மேற்கோளைச் சொல்லி, தலைப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போவது ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சைக்கான ரியூசனில் பழகியது. பரீட்சைக்கு அது உதவியது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

எனக்கு உறைத்தது அடுத்த பயிற்சி. ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடு கீறி, பக்கத்தில் "யார்?" என்று எழுத வேண்டும். பதில் வசனத்துக்குள்ளேயே இருந்தால் விடலாம். எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம். ஊரைப் பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வசனம் இருந்தது:

"மீள்குடியேற்றத்தின் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் பயனாளிகளுக்கு நிரந்தர வீடுகள் அமைத்துக் கொடுக்கப்பட்டன."

வீதியோரப் பலகைகளிலும் திட்ட அறிக்கைகளிலும் நாங்கள் வாசித்து வளர்ந்த தமிழ் இது. சரி, யார் அமைத்தது? அந்தத் திட்டத்தில் அப்போது ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. வேலை நகர நகரக் கட்டங்கட்டமாக வங்கிக்கு வரும். கட்டுவிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. எங்கள் வீட்டில் அது அம்மா. மேசனைப் பிடித்தது, மணல் லோட்டுக்குப் பேரம் பேசியது, கூலியாள் வராத அன்று அத்திவாரம் வெட்ட மண்வெட்டி எடுத்தது, அடுத்த காசு வரும்வரை சீமெந்துக் கடையில் கடன் சொன்னது எல்லாம் அம்மாதான். வசனத்திலோ அம்மா "பயனாளி".

இப்படி மாற்றினேன்: "கட்டங்கட்டமாக வந்த 550,000 ரூபாவோடு கடையில் கடனும் பட்டு, அம்மா வீட்டைக் கட்டி முடித்தார்." மிஸ் ஒன்றும் சொல்லாமல் ஒரு சரி போட்டார்.

பேனையைத் தாளிலிருந்து எடுக்காமல் பத்து நிமிடம் எழுதும் பயிற்சியும் இருந்தது. சிலருக்கு அது நல்லது என்றார்கள். எனக்குக் கை நோவுதான் மிச்சம்.

இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது அப்படியில்லை, இன்றுவரை செய்கிறேன். நாமே வாசித்தால் விடுபட்டதையும் மனம் போட்டு நிரப்பிவிடும். என் கட்டுரையை வாசித்தது செட்டிகுளத்துப் பிள்ளை ஒருத்தி. அவள் தடக்குகிற இடத்தில் நான் பென்சிலால் அடையாளம் போட வேண்டும். "கடும் மழையினால் நிரம்பி வான் பாய்ந்த முத்தையன்கட்டுக் குளத்திலிருந்து வெளியேறிய வெள்ளத்தினால் பாதிக்கப்பட்ட வயல்களின் உரிமையாளர்கள்" என்பது வரைக்கும் வந்து மூச்சு விட்டாள். "உரிமையாளர்கள் என்னடி செய்தவை? கெதியாச் சொல்லு." தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது. அதற்கு முன்னால் எச்சமாக அடுக்கிக்கொண்டே போனால் வாசிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முறித்தேன்: "கடும் மழையில் முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்தது. வெள்ளம் வயலுக்குள் ஏறியது." உரிமையாளர்கள் மூன்றாவது வசனத்தில் ஆறுதலாக வந்தார்கள்.

போன விடுமுறையில் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் சார்பில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சிறுபோகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்க வேண்டும், யாரும் வரவில்லை. படித்த பழக்கத்தில், எந்த அலுவலர் எந்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை என்று நேராக எழுதினேன். செயலாளர் மாமா இரண்டு தரம் வாசித்தார். "நல்லாத்தான் இருக்குப் பிள்ளை. ஆனா நாளைக்கும் அவரிட்டத்தானே போகவேணும்" என்றார். நான் பேரை எடுத்துவிட்டு, "வாய்க்கால் இதுவரை துப்புரவு செய்யப்படவில்லை" என்று மாற்றிக் கொடுத்தேன். மாதத்தை மட்டும் எடுக்கவில்லை.