ட்ரிகர் ஊசிக்கு ஏன் அவ்வளவு காத்திருந்தோம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்களிடம் ஃபாலிகுலர் ஸ்டடி என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். நாத்தனாரோ ஓரகத்தியோ யாராவது ஒருவர் அதற்காக ஸ்கேன் சென்டரில் காத்துக் கிடந்திருப்பார். சினைப்பையில் முட்டை வளரும் நீர்ப்பைகளான ஃபாலிக்கிள்களை ஸ்கேனில் அளந்து பார்ப்பதுதான் அது. அந்த மில்லிமீட்டர் கணக்கு எதற்கென்று கேட்டால் மட்டும் பதில் வராது. நான் முதலில் பார்த்த மருத்துவமனையிலும் சொல்லவில்லை. முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சை வரை வந்த பிறகு, வண்ணாரப்பேட்டையில் பார்த்த டாக்டர்தான் மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டுக் காட்டினார்.

மாதவிடாயின் இரண்டாம் நாள், ஃபாலிக்கிள்களை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோன் ஊசி தொடங்கியது. பேனா போன்ற கருவி. அடிப்பக்கத்தைத் திருகி 150 யூனிட் வைத்து, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிச் சதையைப் பிடித்துக் குத்த வேண்டும். அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. வலி பெரிதாக இல்லை, பெரும்பாடு ஃபிரிட்ஜில்தான். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் காசிமேட்டு மீனுக்குத்தான் முதல் மரியாதை. நடுத்தட்டில் ஓர் எவர்சில்வர் டப்பாவுக்கு இடம் பிடிக்க அத்தையிடம் தூது போக வேண்டியிருந்தது.

ஸ்கேன் திரையில் ஃபாலிக்கிள்கள் கறுப்பு வட்டங்களாகத் தெரியும். டாக்டர் "வலது 14, 13, 11" என்று சொல்லச் சொல்ல சிஸ்டர் எழுதிக்கொள்வார். 14 வந்த அன்று அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "முட்டைதான் வளர்ந்துவிட்டதே, அந்தக் கடைசி ஊசியைப் போட்டுவிட வேண்டியதுதானே?" முட்டையை முதிர வைக்கும் ட்ரிகர் ஊசியைத்தான் சொன்னார். எனக்குள்ளும் அதே கேள்விதான்.

மருந்துச் சீட்டுப் படம் அப்போதுதான் உதவியது. முட்டையைச் சூழ்ந்து, ஃபாலிக்கிளின் உட்பக்கம் இருப்பவை கிரானுலோசா செல்கள். தொடக்கத்தில் அவற்றில் எஃப்எஸ்எச் வந்து ஒட்டும் இடங்கள், அதாவது எஃப்எஸ்எச் ஏற்பிகள் உண்டு; முட்டையை முதிர வைக்கும் எல்எச் ஹார்மோனுக்கான ஏற்பிகள் வெளிச்சுற்றில் உள்ள தீக்கா செல்களில்தான். எஃப்எஸ்எச் நாள்தோறும் பட்டுப்பட்டுத்தான் உள்செல்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. பிறகு எஃப்எஸ்எச்சும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து அதே செல்களில் எல்எச் ஏற்பிகளை முளைக்க வைக்கின்றன. ஃபாலிக்கிள் 10 மி.மீ. அளவுக்கு வரும்போது அவை தோன்றத் தொடங்கும், 17, 18 ஆகும்போது நிறைந்திருக்கும். ட்ரிகர் ஊசியின் வேலையே அந்த ஏற்பிகளைத் தட்டுவதுதான். துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த மாமா ஒரே வரியில் முடித்தார்: "ஒயரிங் முடியாத வீட்டில் சுவிட்சைத் தட்டச் சொல்கிறாய்." அத்தை அதற்குமேல் பேசவில்லை.

காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறினால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தானாகவே எல்எச்சைக் கொட்டிவிடும், முட்டை முன்கூட்டியே வெளியேறிவிடும். அதைத் தடுக்க செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. தினமும் போட்டார்கள். குத்திய இடம் சிவந்து ஒரு மணி நேரம் அரிக்கும். எஃப்எஸ்எச்சைவிட இதைத்தான் நான் வெறுத்தேன்.

ட்ரிகருக்கு வழக்கமாக எச்சிஜி என்ற ஹார்மோனைப் போடுவார்கள். அதுவும் எல்எச் ஏற்பியில்தான் ஒட்டும், ஆனால் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். எனக்குப் பிசிஓடி. ஃபாலிக்கிள்கள் ஏராளம் என்பதால் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் அபாயம் உண்டு. ஆகவே என் பிட்யூட்டரியையே எல்எச் சுரக்கச் செய்யும் வேறு ஊசியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த எல்எச் சீக்கிரம் அடங்கிவிடும். இரவு 10 மணிக்கு ஊசி; ஒரு நாள் விட்டு மறுநாள் காலை 10 மணிக்கு, சரியாக 36 மணி நேரத்தில், முட்டை எடுப்பு. அந்த இரவு வீட்டில் மூன்று கைபேசிகளில் அலாரம் வைத்திருந்தோம். கூத்துதான், ஆனால் இந்த நேரத்தில் மட்டும் கறாராக இருப்பதே நல்லது.

மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, முதிர்ந்த முட்டைகள் எத்தனை என்று. சிறிய ஃபாலிக்கிள்களிலிருந்து வந்தவற்றில் பல முதிரவில்லை. பெரியவற்றில் பெரும்பாலானவை தேறின. கருக்களை உறைய வைத்தார்கள்.

அவற்றை வைப்பதற்குக் கர்ப்பப்பையைத் தயார்செய்ய இப்போது ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஓடுகிறது. கர்ப்பப்பை உட்சவ்வில் புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகளை வளர்ப்பதும் ஈஸ்ட்ரோஜன்தான் என்பதால் புரோஜெஸ்ட்ரோன் பின்னால்தான் வரும். உட்சவ்வு 7 மி.மீ.யைத் தாண்டிவிட்டது. அடுத்த ஸ்கேன் வெள்ளிக்கிழமை.