நீலம் இடது, சிவப்பு வலது

“மாமா, நீங்க சும்மா நின்னா போதும். யாராவது வந்தா கையைக் காட்டணும், அவ்வளவுதான்.”

அக்கா மகள் இப்படிச் சொல்லித்தான் என்னை மாட்டிவிட்டாள். பன்னிரண்டு வயது. ஒட்டாவாவில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும் பேச்சு அக்காவின் திருநெல்வேலிப் பேச்சு.

பிப்ரவரியில் ஒன்டாரியோவுக்குக் குடும்ப தினம் என்று ஒரு திங்கட்கிழமை விடுமுறை உண்டு. அந்த மூன்று நாளுக்கு டொரொன்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய் 416-இல் வடக்கே திரும்பினால் 400 கிலோமீட்டருக்கு மேல். போனால் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: உறைந்து கிடக்கும் ரிடோ கால்வாயில் ஸ்கேட் கட்டிக்கொண்டு விழுந்து எழுவது. மொத்தம் 7.8 கிலோமீட்டர் பனித்தளம் அது. 2023-இல் குளிர் போதாமல் அந்த வருஷம் முழுக்கத் திறக்கவே இல்லை. இந்த முறை திறந்திருந்தும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. சனிக்கிழமை அக்கா மகளுடைய கிளப்பில் ஸ்கீ பந்தயம். கிளப்புக்கு ஆள் போதவில்லை.

மலையிலிருந்து சர்ரென்று இறங்குகிற ஸ்கீ இல்லை இது. கிராஸ் கன்ட்ரி. ஏற்றம், இறக்கம், சமதளம் எல்லாவற்றையும் சொந்தக் காலாலும் கையாலும் கடக்க வேண்டும். மேலே தூக்கிப் போக இழுவை நாற்காலி எல்லாம் கிடையாது. ஸ்வீடனில் 1922-இலிருந்து நடக்கும் வாசாலாப்பெட் என்ற பந்தயம் 90 கிலோமீட்டர். ஒட்டாவாவுக்கு ஆற்றைத் தாண்டி எதிர்க்கரையில் இருக்கும் காட்டினோ மலைக்காட்டிலும் 1979-இலிருந்து காட்டினோ லாப்பெட் நடக்கிறது. அவையெல்லாம் பெரிய திருவிழா. நான் போனது குழந்தைகள் ஓடுகிற உள்ளூர்ப் பந்தயம். தூரம் இரண்டரை கிலோமீட்டர், பெரிய பிள்ளைகளுக்கு ஐந்து.

வெள்ளி இரவு சாப்பாடு முடிந்ததும் அத்தான் கராஜுக்குக் கூப்பிட்டார். உள்ளே இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே ஸ்கீயைத் தலைகீழாகப் படுக்கவைத்து, இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றில் மெழுகை உருக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். கோயில் பிராகாரத்தில் கார்த்திகை மறுநாள் அடிக்குமே, அந்த வாசனை. மெழுகு ஆறியதும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுகிறார், பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்.

“தேய்ச்சதை ஏன் அத்தான் திரும்பச் சுரண்டுதீங்க?”

“மேல நிக்கிற மெழுகு பிரேக் மாதிரி மாப்ள. உள்ள இறங்கினது மட்டும் போதும்.”

இது வழுக்குவதற்கான மெழுகு. பிடிப்பதற்கு வேறொன்று இருக்கிறதாம். ஒரே பலகைக்கு இரண்டு எதிரெதிர் வேலை எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அத்தான் ஸ்கீயைத் தரையில் வைத்துக் காட்டினார். நடுவில் வில் மாதிரி மெல்லிய வளைவு. இரண்டு காலிலும் சமமாக நின்றால் அந்த நடுப்பகுதி தரையைத் தொடாது, முன்னும் பின்னும் மட்டும் வழுக்கும். ஒரே காலில் பாரத்தைப் போட்டு உந்தினால் நடு கீழே அமுங்கும். அங்கே தடவிய மெழுகில் பனித்துகள் போய்க் கடித்துக்கொள்ளும். கால் பின்னால் வழுக்காமல் நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் எந்த மெழுகு என்பது மறுநாள் காலைக் குளிரைப் பொறுத்தது. கடும் குளிருக்குப் பச்சை, அதைவிட மிதமானால் நீலம், பூஜ்ஜியத்தை நெருங்கினால் ஊதா. அதற்கும் மேலே போனால் தேன் மாதிரி கையில் ஒட்டும் ஒரு பசை. இளகின மெழுகைப் போட்டால் பனி கட்டிகட்டியாக அடியில் அப்பிக்கொள்ளும், இறுகினதைப் போட்டால் ஏற்றத்தில் பின்னால் போவாய். முன்பு ஃப்ளோரின் கலந்த மெழுகு ஒன்று பிரபலமாம்; சுற்றுச்சூழலில் அழியாமல் தங்கிவிடும் ரசாயனம் என்பதால் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து அதைத் தடை செய்துவிட்டது. “நல்லதாப் போச்சு, அது வேற தனிச் செலவு” என்றார் அத்தான்.

மறுநாள் மைனஸ் 17. பச்சை.

காலை ஐந்தரைக்குப் பாலம் தாண்டி கியூபெக்குக்குள் போனோம். காரில் அக்கா கிளப்பின் கதையைச் சொன்னாள். எனக்கு அதுவரை ஸ்கீ என்றால் பனி விழுந்ததும் போவது, உருகியதும் நிறுத்துவது. இவர்களுக்கு வருஷம் அக்டோபரில் தொடங்கிவிடுகிறது. காட்டுப் பாதையில் விழுந்து கிடக்கும் கிளைகளை வாரக் கடைசியில் கூடி அறுத்து எடுப்பார்கள். 2022 மே 21 அன்று ஒட்டாவா பக்கம் ஒரு புயல் அடித்ததே, அந்த இலையுதிர் காலத்தில் கிளை இல்லை, முழு மரங்கள். அப்புறம் பழைய ஸ்கீ, பூட்ஸ் விற்கிற சந்தை. பிள்ளைகளுக்குக் கால் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு பூட்ஸ் நாலு வீட்டைச் சுற்றி வரும். பனி வருவதற்கு முன்பே பெரிய பிள்ளைகள் சக்கரம் வைத்த ஸ்கீயில் தார் ரோட்டில் ஓடிப் பழகுவார்கள். அவசரக்காரர்கள் கியூபெக் நகரத்துக்கு வடக்கே மோன்மொரான்சி காட்டுக்குப் போவார்கள். போன குளிர்காலத்துப் பனியைக் குவித்து, மேலே மரச்சிராய் மூடி, கோடை முழுவதும் காப்பாற்றி அக்டோபரிலேயே விரித்துப் போட்டுவிடுகிறார்கள் அங்கே. நம் ஊரில் ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்து வைத்து விற்பார்களே, அதே வித்தைதான்.

“பருவம் தொடங்கும்போது ஒரு செக் வாங்கி வச்சுக்குவாங்க” என்றாள் அக்கா. “சொன்ன அளவு வேலை செஞ்சா திருப்பித் தந்துருவாங்க. இல்லேன்னா பேங்குக்குப் போயிரும்.”

“செக் போனா போகட்டும்னு விட்டா?”

“விடலாம். அடுத்த வாரம் அவங்க மூஞ்சியில எப்படி முழிக்க?”

கிளப் குடிசையில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய அண்டாவில் சூப். ஒரு அம்மா ஆரஞ்சை வெட்டி வெட்டித் தட்டில் அடுக்குகிறார், வெளியே எடுத்துப் போனால் அது கல்லாகிவிடும் என்று சிரிக்கிறார். ஓடும் நேரத்தைக் கணக்கிடக் காலில் கட்டும் சில்லுகளை ஒருவர் எண்ணுகிறார். மூலையில் பெஞ்சில் ஒரு ஆள் பூட்ஸைக் கழற்றாமலே தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் இயந்திரத்தை ஓட்டிப் பாதை போட்டவர் அவர்தானாம். பனியைக் கிளறி, அமுக்கி, அதன் மேல் தண்டவாளம் மாதிரி இரண்டு பள்ளம் கிழித்துக்கொண்டே போகும் அந்த வண்டி. கிழித்த உடனே ஓடினால் பள்ளம் உதிர்ந்துவிடும், குளிரில் சில மணி நேரம் இறுக விட வேண்டும். அதனால் இந்த வேலைக்கு ராத்திரியை விட்டால் நேரம் கிடையாது. நெல்லையப்பர் ஆனித் தேரில் வடம் பிடிப்பவர்களைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். பின்னால் சக்கரத்தை நெம்பத் தடி போடுகிறவரை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. அந்த ஆளைப் பார்த்ததும் அவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

எனக்கு ஒரு மஞ்சள் மேலங்கி, ஒரு மாட்டு மணி. இடம், காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரியும் முக்கு. நெஞ்சில் நீல எண் துணி கட்டியவர்கள் சின்னவர்கள், இடது பக்கம். சிவப்பு கட்டியவர்கள் வலது. கூட நின்றவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். கையில் வாக்கி டாக்கி, மீசையில் பனித்துளி.

பந்தயம் தொடங்கும் வரை அவர் பேசினார். 1967-இலிருந்து நடக்கும் கனடியன் ஸ்கீ மாரத்தானில் இரண்டு நாளில் 160 கிலோமீட்டர் ஓடியவராம். அதிலும் தங்கப் பிரிவு என்று ஒன்று உண்டு: முதுகில் மூட்டையைச் சுமந்து ஓடி, நடுவில் வரும் இரவை வெட்டவெளியில், நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கோலில் படுத்துக் கழிக்க வேண்டும். “தூக்கம் வந்துச்சா?” என்றேன். “ஒரு பக்கம் வெந்தது, ஒரு பக்கம் உறைந்தது, திரும்பித் திரும்பிப் படுத்தேன்” என்றார். இங்கே சிறு பிள்ளைகளின் பயிற்சி வகுப்புக்கு ஜாக்ராபிட் என்று பேர். ஹெர்மன் ஸ்மித் யோஹான்சன் என்ற நார்வேக்காரரின் பட்டப்பெயர் அது. 1875-இல் பிறந்து 1987-இல், 111 வயதில் இறந்தவர். நூறைத் தாண்டியும் ஸ்கீ ஓடியவர். பெரியவர் அவரைச் சின்ன வயதில் நேரில் பார்த்திருக்கிறாராம். சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

ஒன்பதரைக்குத் தொடங்கியது. அரை நிமிஷத்துக்கு ஒரு பிள்ளை. முதலில் மரங்களுக்கு நடுவே குச்சி பனியில் குத்துகிற கிறீச் சத்தம் கேட்கும், அப்புறம் மூச்சு, அப்புறம்தான் ஆள். நான் மணியை ஆட்டி “ஹோப் ஹோப் ஹோப்” என்று கத்துவேன். பெரியவர் “ஆலே, ஆலே” என்பார். கடந்து போகிற பிள்ளை ஒவ்வொன்றும், மூச்சு வாங்க முடியாத நிலையிலும், “தேங்க்யூ” அல்லது “மெர்சி” சொல்லிவிட்டுப் போகிறது. நின்று கையைக் காட்டியதற்கு நன்றியா என்று முதல் பத்துப் பேர் வரை கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மனிதனுக்கு மரியாதை சீக்கிரம் பழகிவிடும்.

அந்த மிதப்பில்தான் தவறு நடந்தது.

முக்குக்குச் சற்று முன்னால் ஒரு இறக்கம். ஒரு பையன் அதில் விழுந்து எழுந்து வந்தான். நெஞ்செல்லாம் பனி அப்பியிருக்கிறது, எண் துணி தெரியவில்லை. கை முழுக்கச் சிவப்பு உடை. சிவப்பு! நான் வலது பக்கம் கையைக் காட்டினேன், மணி வேறு அடித்தேன். பையன் ஒரு கேள்வி கேட்கவில்லை. வலது பக்கம் திரும்பி, மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டான். அவன் முதுகைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, நீலம்.

பெரியவர் பிரெஞ்சில் ஒரு கத்துக் கத்தினார். பையன் நின்றான், திரும்பினான், குச்சியை ஊன்றிக் காலை மாற்றி மாற்றி வைத்து இறங்கி வந்தான். எட்டு ஒன்பது வயது இருக்கும். மூக்கு ஒழுகி உதட்டுக்கு மேல் உறைந்திருந்தது. இடது பக்கம் போகும்போது என்னைப் பார்த்து, “மெர்சி.”

பனியில் புதைந்துவிடலாம் போலிருந்தது. முப்பது நாற்பது விநாடி போயிருக்கும். பெரியவர் வாக்கி டாக்கியில் எண்ணைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, மிச்சத்தை நடுவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் ஸ்கீ வீராங்கனை பெக்கி ஸ்காட் மூன்றாவதாக வந்தார். முன்னால் வந்த ரஷ்யப் பெண்கள் இருவரும் ஊக்கமருந்தில் மாட்டினார்கள். தங்கம் கடைசியில் பெக்கி கழுத்துக்கு வந்தபோது 2004. “இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். இவனுக்கு அரை நிமிஷம்தான்.”

ஆறுதலாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் குனிந்து நெஞ்சைப் பார்த்துத்தான் கையை நீட்டினேன். அக்கா மகள் வந்தபோதும், சிவப்பு, வலது என்று உறுதி செய்துவிட்டுத்தான். “மாமா, என்னையத் தெரியலையா!” என்று கத்திக்கொண்டே மேட்டில் ஏறினாள். நன்றி சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் நின்றேன். கால் விரல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. ஓடிய பிள்ளைகளில் பலர் கால் மணி நேரத்துக்குள் ஓட்டத்தை முடித்து உள்ளே சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குடிசைக்குப் போனதும் அந்தப் பையனைத் தேடிப் பிடித்தேன். வாய் நிறைய ரொட்டி. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்று என் அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். அவன் மென்று முடிக்கும் வரை யோசித்தான். என் கையைக் காட்டி, “அந்த மணியை ஒரு தடவை அடிக்கலாமா?” என்றான். கொடுத்தேன். குடிசையே அதிரும்படி அடித்தான். அவன் அம்மாதான் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். அதுவும் நியாயம்தான்.

பந்தயம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால், அப்போதுதான் பாதி வேலையே தொடங்குகிறது. பாதையோரம் மறித்து வைத்த கூடாரம் போன்ற பலகைகள் பனியோடு சேர்ந்து இறுகிவிட்டன. உதைத்துப் பெயர்த்து, தட்டி, மடித்து வண்டியில் ஏற்ற வேண்டும். பிள்ளைகள் வீசிய காகிதக் குவளைகளைப் பொறுக்க வேண்டும். இரவு முழுக்க ஓட்டிய அந்த ஆள் எழுந்து வந்து எங்களோடு பலகை தூக்கினார். அவருடைய மகளோ மகனோ ஓடினார்களா என்று கேட்டேன். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம்.

திங்கட்கிழமை மதியம் கிளம்பினேன். கிளம்பும்போது குளிருக்குக் கையில் கிடைத்த உடுப்பை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். 401-இல் வழியில் காபிக்கு நிறுத்தினேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற லாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, ரொம்ப மரியாதையாக, “முன்னால் ரோடு எப்படி இருக்கிறது? கிங்ஸ்டன் பக்கம் பனி வாரியாச்சா?” என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தபோதுதான் குனிந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அந்த மஞ்சள் மேலங்கி.