லேப்டாப் இல்லாமல் பிராஜெக்ட் வைவா: அந்த 10 நிமிஷம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. பிராஜெக்டில் ஏ பிளஸ். அப்பா பிரியாணி வாங்கி வந்தார், அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அதற்கும் மேலான ஓ கிரேடு வந்திருக்க வேண்டியது, இரண்டாவது ரிவியூவில் விட்டேன். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். லேப்டாப் இருக்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

எங்கள் பிராஜெக்ட் சுரங்கப்பாதையில் தேங்கும் மழைநீரை அளப்பது. நான் வியாசர்பாடி. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எத்தனை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்டுயினோ நானோ என்ற குட்டி கன்ட்ரோலர் போர்டு ஒன்று, மேலே இருந்து ஒலி அனுப்பி எதிரொலியை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, தண்ணீர் ஏறினால் கேட்டை இறக்க ஒரு குட்டி சர்வோ மோட்டார். எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியது. டீமில் மூன்று பேர், ஒருத்தியிடம்தான் லேப்டாப். ஜனவரியில் அதன் மதர்போர்டு போனது. மிச்சம் இருந்தது அப்பாவின் போன்.

சீனியர் அண்ணா ஒருவர், "ரூட் பண்ணிடும்மா, எல்லாம் வேலை செய்யும்" என்றார். போனின் பூட்டுகளை உடைத்து முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுப்பதுதான் ரூட். அப்பா மீன் விற்கிறவர். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்கேன் பண்ணித்தான் காசு தருகிறார்கள். ரூட் பண்ண, போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அப்புறம் பல பேங்க் ஆப்கள் திறக்கவே மறுக்கும். அதை அப்பாவிடம் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

நல்லவேளை, தேவையும் படவில்லை. 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.1 முதலே யுஎஸ்பி ஹோஸ்ட் வசதி, அதாவது போனிலேயே வேறு கருவியைச் செருகி ஓட்டும் வசதி உண்டு. புரோகிராம் எழுதி நானோவில் ஏற்ற ஆர்டுயினோடிராய்டு ஆப், அளவுகளைப் பார்க்க சீரியல் யுஎஸ்பி டெர்மினல் ஆப். இரண்டும் ரூட் கேட்காது. போர்டைச் செருகினால் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும், சரி என்று தட்ட வேண்டும், அவ்வளவுதான். அதிலேயே எப்போதும் இந்த ஆப்பில் திற என்று ஒரு டிக் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்கும்.

இரண்டாவது ரிவியூ அன்று என்ன ஆயிற்று என்றால், சில கம்பெனி போன்களில் இப்படிக் கருவியைச் செருகும் வசதிக்கு (ஓடிஜி என்பார்கள்) தனி ஸ்விட்ச் செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும். அப்பாவின் போனும் அந்த ரகம். காலையிலேயே ஆன் செய்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று போர்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் நின்றேன். எங்கள் முறை வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே போய்ச் செருகினேன். நானோவில் விளக்கே எரியவில்லை. கேபிளை மாற்றினேன், ஜம்பர் ஒயர்களைப் பிடுங்கிக் குத்தினேன், போர்டு செத்துவிட்டது என்று நானே வாய்விட்டும் சொன்னேன். கைடு வாட்சைப் பார்த்தார். "அடுத்த டீம்."

ஒன்றும் சாகவில்லை. 10 நிமிஷம் எதுவும் செருகாமல் இருந்தால் அந்த ஸ்விட்ச் தானாக ஆஃப் ஆகிவிடும். ஸ்விட்சுக்குக் கீழேயே சின்ன எழுத்தில் எழுதியும் இருக்கிறது. நான் படிக்கவில்லை. நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உள்ளே நுழையும்போது ஸ்விட்சைப் பாருங்கள். மேஜையில் வைத்ததும் இன்னொரு தடவை பாருங்கள்.

மற்றவை, ஞாபகம் வரும் வரிசையில்:

- சார்ஜுக்கு மட்டும் ஆகும் கேபிளில் டேட்டா ஒயர் இருக்காது. விளக்கு எரியும், போனுக்கு போர்டு தெரியாது.
- டைப்-சி நானோ வாங்கினால், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளை நம்ப வேண்டாம். மலிவு போர்டுகள் சிலவற்றில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைப்பதில்லை, அதனால் போன் கரண்டே கொடுக்காது. போனில் ஓடிஜி அடாப்டரை மாட்டி, ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளைப் போடுங்கள், ஓடும்.
- புரோகிராம் ஏறவில்லையா? ஆப்பில் நானோவுக்குப் பழைய பூட்லோடர் என்பதைத் தேர்ந்தெடுங்கள் (இது போனுடையது அல்ல, போர்டுடையது). வேகம் 57600.
- சர்வோவை போன் கரண்டில் ஓட்டாதீர்கள். கேட் இறங்கும்போதெல்லாம் எங்களுக்கு இணைப்பு அறுந்தது. நான்கு பேட்டரி போட்டுத் தனியாகக் கொடுத்தோம். கிரவுண்டை (மைனஸ்) மட்டும் நானோவோடு சேர்த்தோம், பேட்டரியின் பிளஸ்ஸை நானோ பக்கமே கொண்டுபோகவில்லை.
- குடத்தில் சோதிக்காதீர்கள். வாய் குறுகல், எதிரொலி ஓரத்தில் பட்டு அளவு தாறுமாறாக வரும். பக்கெட்.

வைவா அன்று, வெளிக் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸாமினர் (எக்ஸ்டர்னல்) எங்கள் போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ரூட் பண்ணலைங்கிற. அப்போ டிரைவர் எங்கேம்மா இருக்கு?" இதைத்தான் கேட்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்திருந்தேன். "ஆப்புக்குள்ளேயே இருக்கு சார். நம்ம அனுமதி கொடுத்ததும் சிஸ்டம் அந்த யுஎஸ்பியை ஆப் கையில கொடுத்துடும். போர்டுல யுஎஸ்பிக்குன்னு இருக்கிற சிஎச்340 சிப்கிட்ட ஆப் நேரா பேசும்" என்றேன். தலையாட்டினார். அடுத்தது, "58-ஆல ஏன் வகுக்கிற?" எதிரொலி வர ஆகும் நேரத்தை 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வரும். ஒலி ஒரு சென்டிமீட்டர் போக ஏறக்குறைய 29 மைக்ரோ செகண்ட், போய்த் திரும்ப 58. தோழி மக்கில் தண்ணீர் மொண்டு பக்கெட்டில் ஊற்றினாள். தண்ணீர் ஏற ஏற, சென்சாருக்கும் அதற்கும் உள்ள தூரம் திரையில் 31, 27, 22 என்று இறங்கியது. 20-க்குக் கீழே போனதும் ஐஸ் குச்சியில் செய்த கேட் டக்கென்று விழுந்தது. அவர் இன்னொரு மக் ஊற்றச் சொன்னார்.

போனை அப்பா கையில் கொடுக்கும்போது மணி மூன்று. காசு ஏறியதா என்று பார்க்க வழியில்லாமல் அன்றைக்கு முழுக்க நோட்டும் சில்லறையுமாகத்தான் வாங்கியிருக்கிறார். "பத்து ரூபா காயினாவே சேர்ந்துடுச்சும்மா, எண்ணிக் கொடு" என்று மீன் வாசத்தோடு ஒரு பையை நீட்டினார்.