யானையைத் தொடாமல் இரண்டு வாரம்

ஏமாந்த கதையை முதலில் கொட்டிவிடுகிறேன், அப்போதுதான் மனசு ஆறும். தாய்லாந்தில் சியாங் மாய் பக்கம் ஒரு யானை முகாமுக்கு மாணவத் தன்னார்வலர்கள் தேவை என்று பார்த்ததும், அப்பாவைக் கெஞ்சி எட்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினேன். பெயரிலேயே 'சரணாலயம்' இருந்தது. சவாரி கிடையாது என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பணம் போன பிறகுதான் தினசரி அட்டவணை வந்தது. பத்து மணிக்குச் சேற்றுக் குளியல், பதினொன்றுக்கு ஆற்றுக் குளியல், மதியம் வேறொரு கூட்டத்தோடு அதே யானைகளுக்கு மறுபடியும் இரண்டும். ஒரே நாளில் நான்கு குளியல் எதற்கு என்று எழுதிக் கேட்டேன். "அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று ஒரு வரி வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அதுவும் நின்றுவிட்டது.

சரணாலயம் என்று பலகை மாட்டிக்கொள்ள அங்கே யாரும் பரீட்சை எழுத வேண்டியதில்லை. 1989-ல் காடுகளில் மரம் வெட்டத் தடை வந்ததும், மரம் இழுத்த யானைகளும் பாகன்களும் பிழைப்புத் தேடிச் சுற்றுலாவுக்கு வந்து சேர்ந்தார்கள். வளர்ப்பு யானை இன்றைக்கும் 1939-ஆம் ஆண்டின் சுமை விலங்குச் சட்டத்தில், மாடு, எருமை, கழுதையோடுதான் நிற்கிறது. அதனால் பெயரை விட்டுவிட்டு அட்டவணையைக் கேளுங்கள். குட்டிகள் நிறைய இருந்தால் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விலகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாகக் கிடைத்த இடத்தின் முதல் நிபந்தனையே யானையைத் தொடக்கூடாது என்பது. சரி, இதுதான் என்று முடிவு செய்தேன். சம்பளம் வாங்காவிட்டாலும் தாய்லாந்துச் சட்டத்தில் வேலை வேலைதான், விசா இல்லாமல் சுற்றுலாப் பயணியாகப் போய்ச் செய்யக்கூடாது என்று அவர்களே சொல்லி, விசாவுக்கான கடிதங்களையும் அனுப்பினார்கள். முதல் முகாமோ, "டூரிஸ்ட் என்று சொல்லிக்கொள், போதும்" என்றிருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விசாவைவிடக் கல்லூரி அலுவலகம்தான் படுத்திவிட்டது. தேவைப்பட்டது ஒரே ஒரு போனஃபைட் கடிதம், அதாவது நான் அங்கே படிக்கும் மாணவன் என்ற சான்று. முதல் நாள் துறைத்தலைவர் கையெழுத்து இல்லை. இரண்டாம் நாள் கிளார்க் லீவு. நான்காம் நாள் கையில் கிடைத்த கடிதத்தில் 'யானைப் பயிற்சி முகாமில் பங்கேற்க' என்று இருந்தது. அந்த ஊரில் யானைக்குப் 'பயிற்சி' என்றால் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, மரச்சட்டத்துக்குள் அடைத்து, அடித்து அடக்குவது. அதற்கு எதிராக நடக்கும் இடத்துக்கு இந்தக் கடிதத்தையா நீட்டுவது?

"எல்லாம் ஒண்ணுதானப்பா. சீல் போட்டாச்சு, மாத்த முடியாது" என்றார் கிளார்க்.

வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றேன். முதல்வர் அறையில் டைப் செய்யும் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, 'பராமரிப்பு' என்று மாற்றிப் பத்தே நிமிடத்தில் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். கடிதத்தை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். அலுவலகத்தை எழுதவிடாதீர்கள்.

விசா வந்தது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் அரசுடையது அல்ல. பாங்காக்கில் பழைய பயணக் குறிப்பை நம்பி ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போய் நின்றேன். சியாங் மாய் ரயில் 2023 முதல் குருங் தெப் அபிவாட் என்ற வேறொரு நிலையத்திலிருந்துதான் கிளம்புகிறது. நல்லவேளையாக அங்கேயே மெட்ரோ இருந்தது. ஓடிப்போய் ஏறினேன்.

அங்கே என் வேலை என்ன? சாணி அள்ளுவது, மக்காச்சோளத் தட்டை அறுப்பது, லாரியிலிருந்து தர்ப்பூசணி இறக்குவது. முழுக்கைச் சட்டை இல்லாமல் தட்டையில் கை வைக்காதீர்கள். முதல் நாள் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன்.

பிடித்த வேலை கவளம் உருட்டுவது. யானைக்கு வாழ்நாளில் ஆறு தடவைதான் கடைவாய்ப்பல் முளைக்கும். கடைசிப் பல்லும் தேய்ந்துபோன ஒரு கிழவி யானை புல்லை மென்று மென்று, சக்கையாகத் துப்பிவிடும். அதற்காகச் சோறு, வேகவைத்த பூசணி, வாழைப்பழம் எல்லாம் பிசைந்து தேங்காய் அளவுக்கு உருட்டிக் கூடையில் வைத்துவிட்டு, நாங்கள் தாண்டக்கூடாத கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். துதிக்கை நுனி ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்கும். மாத்திரை ஒளித்த உருண்டையை மட்டும் தனியாக எடுத்துத் தரையில் வைக்கும். எத்தனை வாழைப்பழம் போட்டு மூடினாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

பாட்டி போனில், "துதிக்கைய தலைல வச்சு ஆசீர்வாதம் பண்ணிச்சா?" என்று கேட்டாள்.

"தொடவே விடல பாட்டி."

"இதுக்கு நம்ம கோயில் யானைகிட்டயே போயிருக்கலாமேடா."

திரும்பி வந்த வாரம் அந்த முதல் முகாமிலிருந்து ஒரு செய்தி வந்தது. என் எட்டாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாணவர்களுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடியாம், குளியலும் சேர்த்து.