இரண்டு கடல்

பாம்பனில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஒன்றல்ல. வடகடல், தென்கடல் என்று இரண்டு. வாடைக்காற்று மாதங்களில் வடகடல் இரைந்துகொண்டே இருக்கும், தென்கடல் குளம்போலக் கிடக்கும். கச்சான் வீசத் தொடங்கினால் அப்படியே தலைகீழ். தாத்தா விடிகாலையில் வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்பார். இரைச்சல் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் எங்களைக் குளிக்க விடுவார்.

பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனதற்கெல்லாம் பாலம்தான் காரணம். 1914-இல் திறந்த ரயில் பாலம். கப்பல் வருகிறது என்றால் கால் நகராது. இரு பக்கமும் ஆட்கள் இரும்புக் கம்பிகளைப் பிடித்துச் செக்குமாடுபோலச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பாலம் மெல்ல மெல்லக் கையைத் தூக்கும்.

சொல்லாமல் குளித்துவிட்டு வந்தால் அப்பத்தா என் முழங்கையை விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால் முதுகில் ஒன்று விழும். அப்புறம் காயும் நெத்திலிக்குக் காவல். காக்கை தின்றதைவிட நான் தின்றது அதிகம்.

1964 டிசம்பர் புயலைப் பற்றி மட்டும் தாத்தா பேச மாட்டார். தனுஷ்கோடி ரயிலைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். நடுப்பகுதி லிஃப்ட்போல நேராக மேலே போகிறது. மகனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “சுற்றுகிற ஆட்கள் எங்கே அப்பா?” என்றான்.