சென்னை வெக்கையில் முழு மாரத்தான் பயிற்சி: ஜூலை முதல் டிசம்பர் வரை

அரை மாரத்தான் தூரமான 21 கிலோமீட்டரை நிதானமாக ஓடி முடிக்கப் பழகிய பிறகு முழு மாரத்தான் ஆசை வந்தது. ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தான்தான் இலக்கு. ஜூலையில் பயிற்சியை ஆரம்பித்தேன். இப்போது டிசம்பர் நடுப்பகுதி, பெரிய லாங் ரன்கள், அதாவது வாரம் ஒருமுறை ஓடும் நீண்ட தூர ஓட்டங்கள், முடிந்துவிட்டன. செய்து பார்த்ததில் எனக்கு உதவியவற்றை எழுதி வைக்கிறேன். குளிர் நாடுகளுக்காக எழுதிய பயிற்சி அட்டவணைகளை அப்படியே மெரினாவில் பின்பற்ற முடியாது என்பதால் இது யாருக்காவது பயன்படும்.

முதலில் உட்கார்ந்து போட்டது ஒரு கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். என் எடை 68 கிலோ. முழு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டருக்கு 2,870 கலோரி தேவை. தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து 400 முதல் 500 கிராம் வரை இருக்கும், அதாவது அதிகபட்சம் 2,000 கலோரிதான். மீதி எங்கிருந்து வரும்? கொழுப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக் கூட உடம்பு மாவுச்சத்தையே அதிகம் கேட்கும். 30 கிலோமீட்டர் தாண்டியதும் பலருக்குக் கால் திடீரென்று இரும்பாகிவிடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆக, செய்ய வேண்டியவை இரண்டு: கொழுப்பை எரித்துக்கொண்டு மெதுவாக நீண்ட நேரம் ஓட உடம்பைப் பழக்குவது, ஓடிக்கொண்டே சாப்பிட வயிற்றைப் பழக்குவது. என்னுடைய ஆறு மாதமும் இந்த இரண்டிலேயே போனது.

மெதுவாக ஓடுவதில் எனக்கு நம்பிக்கை தந்தவர் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட அவர் வாரம் 100 மைல் ஓட வைத்தார், ஞாயிறுதோறும் 22 மைல் மலைப்பாதையில் அனுப்பினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், அவருடைய இன்னொரு மாணவர் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். அன்றிலிருந்து நெடுந்தூர ஓட்டப் பயிற்சியின் அடித்தளமே இந்த நிதான ஓட்டங்கள்தான்.

சரி, சென்னையில் எவ்வளவு நிதானம்? ஆகஸ்ட் மாதம் காலை நாலரை மணிக்கு வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். வியர்வை கொட்டுமே தவிர ஆவியாகாது, ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போகும்போது தசைக்கு வருவது குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று ஒரே வேகத்தில் ஓடினேன். முதல் அரை மணியில் 142 இருந்த இதயத்துடிப்பு, ஒன்றரை மணி நேரத்தில் 160-ஐத் தொட்டது. அதற்குப் பிறகு கடிகாரத்தில் வேகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, துடிப்பு 150 தாண்டினால் ஒரு நிமிடம் நடப்பது என்று வைத்துக்கொண்டேன். ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடக்கும் இந்த முறையை ஜெஃப் காலோவே என்ற அமெரிக்க ஓட்டக்காரர் 1970-களிலிருந்தே சொல்லிக்கொடுத்தார். எங்கள் குழுவில் பல மாரத்தான் முடித்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் வைத்திருக்கும் அளவுகோல் இன்னும் எளிது: "மூச்சு வாங்காம என்கூடப் பேச முடியுதா? அப்ப சரியான வேகம்தான், போய்ட்டே இரு." அக்டோபரில் அதே பாதையில், அதே வேகத்தில் துடிப்பு 150-க்குள் நின்றது. மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சின்னச் சோதனை எல்லோரும் செய்து பார்க்கலாம். ஓடுவதற்கு முன்னும் பின்னும், துடைத்துக்கொண்டு, எடை பார்ப்பது. செப்டம்பரில் ஒரு மணி நேரத்தில் என் எடை 1.2 கிலோ குறைந்தது, நடுவே 200 மில்லி குடித்திருந்தேன். ஆக மணிக்கு 1.4 லிட்டர் வியர்வை. இவ்வளவையும் குடித்து நிரப்ப வயிறு இடம் கொடுக்காது, நிரப்பவும் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடிப்பது, கூடவே உப்புச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். டிசம்பரில் அதே சோதனையில் வியர்வை 900 மில்லிதான் வந்தது, ஜனவரிக்கு அது ஆறுதல்.

இங்கே ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லாங் ரன்னுக்குப் பலர் அதை மட்டும் எடுத்து வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். உப்புக்கு நல்லது, தெம்புக்குப் போதாது. நான் அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு கலந்து எடுத்துப் போகிறேன். 6 சதவீதச் சர்க்கரைக் கரைசல் வயிற்றில் தங்காமல் சீக்கிரம் இறங்கிவிடுகிறது.

சாப்பாட்டில் இலக்கு மணிக்கு 40 கிராம் மாவுச்சத்து. கடலை மிட்டாய் ருசியாக இருந்தாலும் ஓடிக்கொண்டே மெல்ல முடியவில்லை, அதிலுள்ள கொழுப்பு செரிக்கவும் நேரமாகிறது. வாழைப்பழம் முதல் ஒரு மணி நேரத்துக்குச் சரி. சாதாரணப் பேரீச்சையில் பழத்துக்கு 5, 6 கிராம் வரும். கொட்டை எடுத்து, பாதியாக நறுக்கி, சின்னப் பையில் போட்டுக்கொண்டால் 20 கிலோமீட்டர் வரை அருமையாக வேலை செய்கிறது. அதற்குப் பிறகு வாய் உலர்ந்துவிடுவதால் ஜெல்தான், அதாவது சின்னப் பாக்கெட்டில் வரும் கெட்டியான சர்க்கரைக் கூழ். ஒன்றில் 24 கிராம், 35 நிமிடத்துக்கு ஒன்று, கூடவே இரண்டு மடக்குத் தண்ணீர். ஆகஸ்டில் ஒரு ஜெல்லுக்கே குமட்டியது. வாரா வாரம் லாங் ரன்னில் சாப்பிட்டுச் சாப்பிட்டு நவம்பரில் வயிறு முழுதாக ஒத்துக்கொண்டது. குடலும் பயிற்சி கேட்கும் உறுப்பு என்பதை இதில் நேராகப் பார்த்தேன்.

கால்களுக்கு வாரம் இரண்டு நாள் ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது, மாடிப்படி ஏறுவது. மேடே இல்லாத ஊரில் பரங்கிமலைச் சாலை பெரிய வரம், 300 அடி என்றாலும் தொடை நன்றாக உணரும். ஐப்பசி மழையில் நனைந்த சாக்ஸ் கொப்புளம் போடும், விரல் இடுக்கில் வாசலின் தடவினால் தப்பிக்கலாம். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பித்துவிடுங்கள், பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.

போன ஞாயிறு 32 கிலோமீட்டர். நேப்பியர் பாலத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே மெரினாவில் திரும்பத் திரும்ப ஓடினேன், ஒரே இடத்தில் பாட்டில்களை வைத்துக்கொள்ளலாம் என்பதால். 26-வது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் இறுகியது. அடியைச் சின்னதாக்கியதும் தளர்ந்தது. கடைசி 5 கிலோமீட்டரைப் பந்தய வேகமான 7 நிமிடத்தில் முடித்தேன், தெம்பு மீதம் இருந்தது. அதே வேகம் நின்றால் பந்தயத்தில் 4 மணி 55 நிமிடம் வரும். மணிக்கு 40 கிராம் என்றால் வழியில் 200 கிராம், அதாவது 800 கலோரி உள்ளே போகும். முதலில் போட்ட கணக்கில் விழுந்த பள்ளம் ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

இனி தூரத்தைக் குறைக்கும் காலம். தசை ஆறி, கிளைகோஜன் நிரம்ப வேண்டும். வரும் ஞாயிறு 22 கிலோமீட்டர், அதற்கடுத்த ஞாயிறு 14. சேர்ந்து ஓட விரும்புகிறவர்கள் காலை நாலரைக்கு உழைப்பாளர் சிலைக்கு வந்துவிடுங்கள், பேரீச்சை கொண்டு வருகிறேன்.